நான்கு விரல் உயரம்

சொஹார் துறைமுகம், ஏழாம் எண் பெர்த்.
கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்கு வந்த உருப்படி
கப்பல் தட்டில் ஒருக்களித்துக் கிடக்கிறது.
நேராக ஒரு கோடு இல்லை அதன் உடம்பில்.
ஒரு பக்கம் தொப்பை,
மறுபக்கம் முண்டித் தள்ளும் மூன்று குழாய்கள்,
முதுகில் யாரோ மறந்து வைத்ததுபோல் ஓர் ஏணி.

தூக்குவதற்கென்றே பற்றவைத்த காதுகள் நான்கு.
நான்கும் நான்கு உயரத்தில்.
பெட்டியென்றால் எவனும் தூக்குவான்.
இதற்குப் பதினோரு நாள் கணக்குப் போட்டேன்:
மஞ்சள் ஸ்பிரெட்டர் பீம், பதினான்கு மீட்டர்.
தாழ்ந்த காதுக்கு நீண்ட ஸ்லிங்,
உயர்ந்த காதுக்குக் குட்டை.
ஷாக்கிள் ஒவ்வொன்றையும் சுமக்க இரண்டு ஆள்.
எடை இருநூற்றுப் பன்னிரண்டு டன்.
எடையின் நடு எங்கே என்று
வரைபடத்தில் ஒரு வட்டம், உள்ளே ஒரு கூட்டல் குறி.
கொக்கி அதற்கு நேர் மேலே வரவேண்டும்.
அவ்வளவுதான் என் வேலை.

விடிகாலை நாலரை. காற்று அடங்கியிருந்தது.
"ஹாபிஸ்" என்றான் தொம்மை வாக்கி-டாக்கியில்.
மேலே என்று அர்த்தம். "ஆரியா" என்றால் கீழே.
எந்த ஊர்ச் சொல் என்று அவனுக்கும் தெரியாது,
கேபினில் இருக்கும் ஸ்வாத்துக்காரர்
குல் ஜமானுக்கும் தெரியாது.
யாருக்கும் சொந்தமில்லாத இரண்டு சொல்லில்
இத்தனை இரும்பும் ஏறி இறங்குகிறது.

நான்கு விரல் உயரம் தூக்கி நிறுத்துவது வழக்கம்.
இடம்விட்ட பொருள் தன் குணத்தைக் காட்ட
அது போதும்.

காட்டியது.
தொப்பைப் பக்கம் மெல்லச் சரிந்தது,
நின்றது,
பிறகு இன்னும் கொஞ்சம் சரிந்தது.
அந்த இன்னும் கொஞ்சம்தான் என் கணக்கில் இல்லை.
திரையில் எடை: இருநூற்றுப் பத்தொன்பது.

"மூணு சதவீதம்தானே மேடம்" என்றார் கப்பல் ஏஜெண்ட்.
கிரேன் வாடகை மணிக்கு எவ்வளவு என்பதையும்
நான் கேட்காமலே சொன்னார்.
அவர் சொன்னது பொய்யில்லை.
பீம் தாங்கும். ஷாக்கிள் தாங்கும்.
சரி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.
அதை இங்கே எழுதியாக வேண்டும்.

தொம்மை கட்டைவிரலை உயர்த்தவில்லை.
"ஆரியா, ஆரியா" என்று இறக்கி வைத்தான்.
ஸ்லிங் தளர்ந்தபின் கிட்டே போய்
தொப்பையில் ஸ்பானரால் தட்டினான்.
மேலே தட்டினால் கணீர்.
கீழே தட்டினால் கட்டை.
"உள்ள தண்ணி கெடக்கு மேடம்.
நாம தூக்குனா அதுவும் நடக்குது."

கொரியாவில் அழுத்தம் சோதிக்க நிரப்பியது.
வடித்தாயிற்று என்று சான்றிதழில் கையெழுத்து இருந்தது.
ஏழு டன் தண்ணீர்
டிக்கெட் எடுக்காமல் கடல் தாண்டி வந்திருக்கிறது.

ஒரு சொட்டும் துறைமுகத்தில் விழக்கூடாது என்றார்கள்.
அனுமதி வாங்கி டேங்கர் லாரி வர
மூன்று மணி நேரம்.
அதற்குள் வெயில் ஏறி
ஷாக்கிளைத் தொட முடியவில்லை.
வால்வைத் திறந்தபோது
துருவின் நிறத்தில், பால் விடாத தேநீர் மாதிரி,
சோம்பலாக வந்தது.
குல் ஜமான் கேபினைவிட்டு இறங்கி வந்து பார்த்தார்.
"இருபது வருஷமா இங்கே தண்ணீர் வரக் காத்திருந்திருக்கேன்.
போகக் காத்திருக்கிறது இன்னிக்குத்தான்."
சொல்லிவிட்டு மறுபடி ஏறினார், மெதுவாக, படிப்படியாக.

பதினொன்று பத்து. ஹாபிஸ்.
நான்கு விரல்.
அசையவில்லை.
இருநூற்றுப் பன்னிரண்டு, புள்ளி நான்கு.
மதிய வேலைத்தடை தொடங்கும் முன்
டிரெய்லரில் உட்கார்ந்துவிட்டது.

அறிக்கையில் தாமதத்துக்குக் காரணம் எழுத
ஒரு சின்னக் கட்டம்.
"எஞ்சிய நீர்" என்று எழுதினேன்.
இடம் மிச்சமிருந்தது.
வாயைத் திறந்ததை எழுதவில்லை.

அடுத்த மாதம் ஆலைக்குப் போனபோது
அந்த நான்கு காதுகளையும்
கேஸ் வைத்து அறுத்திருந்தார்கள்.
இனி யார் தூக்கப் போகிறார்கள்.
அறுத்த இடத்தில் பெயிண்ட் இன்னும் காயவில்லை,
விரலில் ஒட்டியது.